சேலத்தில் பேனாக்கத்தி தேடிப் போன நாள்

பேனாக்கத்திக்கென்று சேலத்தில் தனி அருங்காட்சியகம் கிடையாது. ஆனாலும் கத்திப் பிரியர்கள் ஒருநாள் ஒதுக்கி வரவேண்டிய ஊர் இது என்பேன். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு காலையில் அரசு அருங்காட்சியகம் போனேன். 1979இல் தொடங்கியது, சின்னதுதான். அங்கிருந்து நேராகச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய பொருள் கடைகளுக்கு வந்துவிட்டோம்.

ஒரு கடையில் பித்தளைப் பூட்டுகளும் சாவிக்கொத்துகளும் குவிந்த தாம்பாளத்தில் கிடந்தது அந்த மடக்குக்கத்தி. நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தில் கறுப்பாக அழுக்கு. மெல்ல இழுத்தேன், பாதியில் ஒருமுறை நின்று, அப்புறம் ‘டக்’கென்று நிமிர்ந்தது. அலகை இருபக்கமும் ஆட்டிப் பார்த்தேன், அசையவே இல்லை. துணியால் துடைத்ததும் அலகின் அடியில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் தெரிந்தன. இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊரான ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி முத்திரை! 1851 லண்டன் பொருட்காட்சிக்காக 75 அலகுகளோடு நார்ஃபோக் கத்தியைச் செய்தவர்கள்.

“ஏற்காட்டு பங்களா சாமானுங்க தம்பி, ஏலத்துல வந்தது” என்றார் கடைக்காரப் பெரியவர்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அதற்குத் தாது போனது நம் சேலம் சீமையிலிருந்துதான். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் ஷெஃபீல்டில் நல்ல எஃகின் விலை இறங்கியது. ஆலைக்காரர்கள் அவர் முறையைச் சற்றே மாற்றிச் செய்து பலனை அனுபவித்தார்கள். அவருக்கு உரிய பணம் வரவில்லை. நம் தாதுவோடு மல்லுக்கட்டிய மனிதரின் அறிவு அந்த ஊர்க் கத்திகளுக்குள் இருக்கிறது. அதை மருமகனுக்குச் சொன்னபோது சேலத்துக்குப் பக்கத்து இரும்புத்தாது மலையான கஞ்சமலையைப் பார்த்தே ஆகணும் என்று அடம்பிடித்தான். சரி என்று சாயங்காலம் போனோம். ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருமணல் மயிர்க்கூச்செடுத்தது போல ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த இரும்பின் ஊரில்தான் 19ஆம் நூற்றாண்டில் அருணாசலம் என்ற கொல்லர் வேட்டைக்கத்தியும் பன்றி ஈட்டியும் அடித்து, வெள்ளைக்கார வேட்டைக்காரர்களிடையே பெரும் பெயர் வாங்கினார். அவர் முத்திரை போட்ட கத்தி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.

*

சேலத்துக் கத்தி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன்; எனக்கு ஊர் ஏற்காடு. அருணாசலம் கத்தி என் கண்ணிலும் பட்டதில்லை. எங்கள் தாத்தா காபி எஸ்டேட்டில் கவாத்து வேலை பார்த்தவர்; அவருடைய மடக்குக் கவாத்துக்கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. முனை உள்நோக்கி வளைந்திருக்கும். கொப்பில் கொக்கிபோல மாட்டி ஒரே இழுப்பு, வெட்டு வழவழவென்று விழும். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது.

பழைய கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். மான்கொம்புப் பிடி, தந்தப் பிடி என்று ஆசை காட்டுவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே கூடாது. “பழசுதானே சார்” என்பார்கள், வாங்கிவிடாதீர்கள். வாங்கிய கத்தியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், முத்திரை அழிந்துவிடும். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு நாலு தடவை திறந்து மூடினால் போதும்.