பழைய 1080 டிஐ, புதிய ஏ2000: உங்கள் அனுபவம் என்ன?

சாலிகிராமத்தில் வாடகை வீட்டு மாடி அறையில் இருந்தபடி, கட்டடக்கலைஞர்களுக்கு 3டி படங்கள் செய்து கொடுக்கிறேன். 2019-இல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ என்ற கிரா஫ிக்ஸ் கார்டுதான் இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்டது. போன வருடம் டிசைன் வேலைக்கென்றே வரும் ஒர்க்ஸ்டேஷன் வகையான ஆர்டிஎக்ஸ் ஏ2000, 12 ஜிபி மெமரியோடு வாங்கினேன். ஒரே மெஷினில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

எண்களை மட்டும் பார்த்தால் பழையதுதான் பெரிய கார்டு. 2017-இல் வந்த 1080 டிஐ-யில் 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), மெமரியிலிருந்து நொடிக்கு 484 ஜிபி படிக்கும் பேண்ட்வித். 2021-இல் வந்த ஏ2000-இல் 3328 கோர், 288 ஜிபி. "அண்ணே, காசு கொடுத்துக் கீழே இறங்குறீங்க" என்றார் கடைக்காரத் தம்பி. எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு வரவேற்பறைக் காட்சியை ரெண்டர் போட்டேன், அதாவது 3டி மாடலைப் படமாக மாற்றினேன். பழையதில் 19 நிமிடம், புதியதில் 9 நிமிடம். ஒளிக்கதிர் எந்தப் பரப்பில் போய் முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பெரிய சுமை. 1080 டிஐ அதைச் சாதாரணக் கோர்களிலேயே கணக்குப் போட வேண்டும். ஏ2000-இல் அதற்கென்றே 26 ஆர்டி கோர்கள் இருக்கின்றன. பிளெண்டர் செட்டிங்கில் ஆப்டிக்ஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் அவை வேலைக்கு வரும். அதே இடத்தில் கூடா என்ற இன்னொரு முறையை வைத்து ஓட்டினேன், வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போனது. புதிதாக வாங்கியவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் என் வேலையை உண்மையில் மாற்றியது வேகம் இல்லை, சூடு. 1080 டிஐ முழு மூச்சில் 250 வாட் இழுக்கும், ஏ2000 70 வாட்தான். மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே அந்த மின்சாரம் கிடைப்பதால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியிலிருந்து தனி வயர் கிடையாது. மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில், இரவு 11 மணிக்குப் பழைய கார்டு ரெண்டர் ஓட்டினால், கேபினெட்டுக்குப் பின்னால் கை வைக்க முடியாது. நான் வராந்தாவில் போய்ப் படுப்பேன். 600 விஏ யுபிஎஸ்ஸும் தாங்காது. கரண்ட் போன நொடியே மெஷின் அணைந்து, மூன்று மணி நேர வேலை வீணாகும். இப்போது கரண்ட் போனாலும் சேவ் பண்ணி மூட நேரம் கிடைக்கிறது. தினம் ஆறு மணி நேரம் ரெண்டர் என்றால் 180 வாட் மிச்சம், இரண்டு மாதத்துக்குச் சுமார் 65 யூனிட். 500 யூனிட் தாண்டினால் ஸ்லாப் மாறும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

குறைகளும் உண்டு. எச்டிஎம்ஐ கிடையாது, நான்கும் மினி டிஸ்ப்ளேபோர்ட். என் மானிட்டருக்கு அடாப்டர் வாங்க, வெயிலில் மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட் ஓடினேன். ஒரே சின்ன ஃபேன்தான் என்பதால் சுமை ஏறும்போது கீச்சென்று கேட்கும். கேம் விளையாடத்தான் என்றால் பழையதே முந்துகிறது, அதற்காக ஏ2000 வாங்காதீர்கள். பழைய கார்டு இப்போது அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. விற்க மனசு வரவில்லை.

அம்பத்தூரிலிருந்து:

நான் தொழிற்பேட்டையில் பிரஸ் டூல் (தகடு வெட்டி வளைக்கும் அச்சு) டிசைன் செய்கிறேன். எங்கள் பக்கம் கணக்கே வேறு சார். சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் மாடலை நிஜப் பொருள் போலக் காட்டும் ரியல்வியூ என்ற வசதி, சான்று பெற்ற ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளில்தான் வரும். கேம் கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தப் பட்டன் மங்கலாகவே நிற்கும். விளிம்புக் கோடுகளோடு ஒரு பெரிய அசெம்பிளியைச் சுழற்றும்போதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மாற்றம் செய்தபின் மாடல் ரீபில்ட் ஆகும் (மறுபடி கணக்கிடப்படும்) நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. அது பெரும்பாலும் பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகத்தைப் பொறுத்தது. அந்தத் தாமதம்தான் உங்கள் பிரச்சினை என்றால், கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பிராசஸரில் போடுங்கள்.

தாம்பரத்திலிருந்து:

அண்ணா, நான் கல்லூரி மாணவன். நானும் செகண்ட் ஹேண்டில் 1080 டிஐ-தான் வாங்கினேன். வந்தபோது 84 டிகிரியில் நின்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தது. பிரித்துப் பார்த்தால் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மாற்றியதும் 71-க்கு வந்துவிட்டது.

பேண்ட்வித் எண்ணை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 8 பில்லியன் எண்கள் (அளவுருக்கள்) கொண்ட ஏஐ மொழி மாடல் ஒன்றை, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டாகச் சுருக்கி ஓட்டுகிறேன். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மாடல் முழுவதையும் மெமரியிலிருந்து படிக்க வேண்டும், அதனால் 484 ஜிபி அங்கே நன்றாகவே உதவுகிறது. சீனியர் ஒருவரின் ஏ2000-ஐவிட என்னுடையதில் பதில் சீக்கிரம் வருகிறது. மாடலைப் பயிற்றுவிக்கப் போனால் கதை மாறிவிடும். இதில் டென்சர் கோர் (ஏஐ கணக்குக்கான தனி அலகு) இல்லை, 16 பிட் கணக்கிலும் இந்தக் கார்டு மிக மெதுவு. 2025-இல் வந்த கூடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பில், 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு ஆதரவு கிடையாது, அதனால் நான் 12-இலேயே இருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் கிடக்கும் கார்டைக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. இரண்டு கார்டின் மெமரியும் சேர்ந்தால் 22 ஜிபி, பெரிய மாடல் ஒன்றைப் பிரித்து ஏற்றலாம்.

மறுபடியும் சாலிகிராமம்:

உங்கள் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் தம்பி? இரண்டு கார்டுக்கே 500 வாட் போய்விடும், முதலில் அதைப் பாருங்கள். போதும் என்றால் ஞாயிறு காலை வாருங்கள். நானும் பேஸ்ட் மாற்றித் துடைத்து வைக்கிறேன்.