புதுப்பிப்பு: மிலோஸ் தீவுக்குக் காரா, படகா?
கிரேக்கத்தின் மிலோஸ் தீவைச் சுற்றிப்பார்க்க வாடகைக் கார் மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்பதே போய்வந்தபின் என் விடை. சாரகினிகோவின் வெண்பாறைகளையும், 1820இல் 'மிலோவின் வீனஸ்' என்னும் பழங்கிரேக்கப் பளிங்குச் சிலை கிடைத்த இடத்தையும் (சிலை இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது), கீழே படகும் மேலே குடும்பமுமாக மீனவர்கள் வாழ்ந்த கிளிமா என்னும் கடலோரச் சிற்றூரின் வண்ணக் கதவு வீடுகளையும் காரிலேயே பார்த்துவிட்டோம். ஆனால், கடற்கொள்ளையர் பதுங்கியதாகச் சொல்லப்படும் கிளெஃப்டிகோ குகைகளுக்குச் சாலை இல்லாததால், அடாமாஸ் துறைமுகத்திலிருந்து படகில்தான் செல்ல நேர்ந்தது. மெல்தெமி என்னும் கோடைக்கால வடகாற்று வலுத்ததால் முதல் நாள் பயணம் ரத்தானது. எனவே படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள். மறுநாள், எரிமலைப் பாறை வளைவுகளின் அடியில் நீந்தியபோது, காத்திருந்த எரிச்சல் மறந்தே போயிற்று.