மீனை விட்ட பிறகு தொட்டியைச் சைக்கிள் செய்வது: பலர் அடுத்தடுத்து எழுதிய அனுபவப் பகிர்வு

தொட்டியும் மீனும் ஒரே நாளில் வந்து சேர்ந்த வீடுகளில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வேலை ஆரம்பமாகும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். செவுள் ஓரம் சிவந்திருக்கும். சைக்கிள் ஆன, அதாவது மீன் கழிவின் நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் வளர்ந்து நிலைத்த, வேறு தொட்டி இருந்தால் மீனை அங்கே மாற்றிவிடுவதுதான் முதல் வழி. அது இல்லாதவர்களுக்குத்தான் கீழே வருவதெல்லாம்.

இந்தத் தொல்லைக்குக் காரணம் அம்மோனியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகவே போகிறது. மிச்சம் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வருகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இரண்டும் மெதுவாகப் பெருகுபவை. 25, 26 டிகிரி வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், எட்டு வாரம் இழுப்பதும் உண்டு.

இந்த நுண்ணுயிர்கள் வாழ்வது ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான். தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அதனால் "தண்ணீரை மாற்றினால் சைக்கிள் தள்ளிப்போகும்" என்ற பேச்சை மீன் உள்ள தொட்டியில் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது. 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) அம்மோனியா இருந்தாலே அவை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். 2 பிபிஎம் வைத்திருந்தால் மீன்தான் போகும்.

தினமும் ஒரே நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை 0.5 பிபிஎம்மைத் தொட்டால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கணக்கு எளிது: 2 பிபிஎம் இருக்கும்போது 25 சதவீதம் மாற்றினால் 1.5 மிச்சம். 50 சதவீதம் மாற்றினால் 1. சில மணி நேரம் கழித்து இன்னொரு 50 மாற்றினால் 0.5. பத்துப் பத்து சதவீதமாகத் தினமும் மாற்றுவது மனத்திருப்திக்கு உதவும், அம்மோனியாவுக்கு உதவாது.

தொட்டியின் கொள்ளளவை அளந்து பாருங்கள். 60 × 30 × 36 செ.மீ. தொட்டி கணக்குப்படி 65 லிட்டர். மேலே விடும் இடைவெளி, கீழே கல் போக உண்மையில் இருப்பது 55 லிட்டர்தான். மருந்து, உப்பு எல்லாவற்றையும் இந்த 55-க்குத்தான் போட வேண்டும்.

* * *

மேலே சொன்ன 0.5 நல்ல எல்லைதான், ஆனால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) தெரியாமல் அந்த எண்ணுக்கு முழு அர்த்தம் இல்லை. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதி அம்மோனியம், இது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இன்னொரு பகுதி செவுளைச் சுடும் நச்சு அம்மோனியா. இரண்டின் பங்கை பிஎச்சும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான் நச்சு. பிஎச் 8-ல் அது 5 சதவீதத்துக்கு மேல், 8.5-ல் 15 சதவீதம். ஆக, கிட்டில் 1 பிபிஎம் காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்று தப்பிக்கும், மற்றொன்றில் காலையில் மீன் மிதக்கும். நச்சு அம்மோனியா 0.02 பிபிஎம்மைத் தாண்டினாலே நீண்ட நாளில் செவுள் பழுதாகும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதனால் வரும் முக்கியமான எச்சரிக்கை: அம்மோனியா ஏறியிருக்கும் நேரத்தில் பிஎச்சை ஏற்றும் எதையும் போடாதீர்கள். அலங்காரத்துக்கு வைக்கும் சிப்பி, பவளத்துண்டு, சுண்ணாம்புக்கல் எல்லாம் இதில் சேர்த்தி.

மாற்றும் தண்ணீரைப் பற்றியும் ஒன்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் திறந்த வாளியில் ஒரு நாள் காற்றுக்குழாய் ஓடவிட்டால் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) இருந்தால் இப்படிப் போகாது. ஆன்ட்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) போட்டால் குளோரமின் உடையும், ஆனால் உடைந்த பிறகு அதிலிருந்த அம்மோனியா தண்ணீரில் நிற்கும். குழாய்த் தண்ணீரையே ஆன்ட்டி குளோரின் போட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அதிலேயே 0.5 காட்டினால், எவ்வளவு மாற்றினாலும் தொட்டி 0.5-க்குக் கீழே இறங்காது. வாளியில் கலந்து ஊற்றினால் வாளி அளவுக்கு மருந்து, குழாயை நேரே தொட்டிக்குள் விட்டால் முழுத் தொட்டி அளவுக்கு மருந்து. வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்கட்டும். "அம்மோனியாவைக் கட்டும்" என்று லேபிளில் போட்டிருந்தாலும், அதை நம்பித் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

* * *

ஃபில்டர் பக்கம் நடக்கிற கூத்தையும் சொல்லிடறேன். மூணாம் நாள் தண்ணி பால் மாதிரி வெளுக்கும். உடனே ஸ்பாஞ்சைக் கழட்டி குழாயடியில பிழிஞ்சு கழுவி, கல்லையும் அலசி, மொத்தத் தண்ணியையும் மாத்தி "இப்ப பளிச்சுன்னு இருக்கு"ன்னு உட்காருவாங்க. சைக்கிள் மறுபடி முதல் நாளுக்கே போயிடும். அந்த வெளுப்பு வேற ஜாதி பாக்டீரியா, மிச்சத் தீனியைத் தின்னு பெருகறது. தானா அடங்கிடும். அதுவும் ஆக்சிஜனை இழுக்கும்கறதால ஏர் ஸ்டோனை மட்டும் நிறுத்தாதீங்க.

முதல் ரெண்டு மாசம் ஸ்பாஞ்சைத் தொடாதீங்க. தண்ணி ஓட்டம் அடைச்சா மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியை ஒரு பக்கெட்ல வச்சு ரெண்டு பிழி, அவ்வளவுதான். "மாசா மாசம் மாத்தவும்"னு அட்டையில போட்ட கார்ட்ரிட்ஜ் வச்சிருக்கறவங்க அதைத் தூக்கிப் போடறதும் பாக்டீரியாவைத் தூக்கிப் போடறதும் ஒண்ணுதான்.

ராத்திரி சத்தமா இருக்குன்னு ஃபில்டரை அணைக்கக் கூடாது. கேனிஸ்டர் மாதிரி மூடின ஃபில்டர் பல மணி நேரம் நின்னுபோச்சுன்னா, உள்ளே இருக்கற தண்ணியைக் கீழே கொட்டிட்டு அப்புறம் ஓட்டுங்க. அழுகின அந்தத் தண்ணி தொட்டிக்குள்ள போகக் கூடாது. மீனுக்கு மெத்திலீன் ப்ளூ போடணும்னா தனித் தொட்டியில போடுங்க, பிரதான தொட்டியில ஊத்தினா நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் சேர்ந்து போகும்.

* * *

வேகப்படுத்த ஒரே உறுதியான வழி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சையோ செராமிக் வளையங்களையோ கொண்டுவந்து புது ஃபில்டருக்குள் வைப்பது. அந்தத் தொட்டியின் தண்ணீரைக் கொண்டுவருவதில் பயன் இல்லை, காரணம் முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. ஸ்பாஞ்ச் வழியில் காயக் கூடாது, அடைத்த பையில் மணிக்கணக்கில் கிடக்கவும் கூடாது. மூழ்கும் அளவு தொட்டித் தண்ணீரும் மேலே நிறையக் காற்றும் இருக்கட்டும். கொடுக்கும் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும், இதைக் கேட்காமல் வாங்காதீர்கள். பாட்டிலில் வரும் பாக்டீரியா சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் வெறும் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருக்கிறது. போட்டாலும் தினசரிச் சோதனை நிற்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆயுதம் தீனி டப்பாவின் மூடி. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதம் புரதம் உள்ள தீனி 1 கிராமில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அதில் பாதி அம்மோனியாவாக வெளியே வந்தாலே 55 லிட்டரில் 0.6 பிபிஎம்மைத் தாண்டும், ஒரே நாளில். ஆறு ஜீப்ரா டானியோ என்ற சிறு மீன்களின் மொத்த எடை மூன்று கிராம் அளவில்தான் இருக்கும். அவற்றுக்கு நாளுக்கு உடல் எடையில் ஒரு சதவீதம், அதாவது 0.03 கிராம் போதும். விரல் நுனியில் ஒட்டும் அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலும் இந்தச் சில வாரங்களில் எந்த மீனும் பட்டினியால் சாகாது. ஒரு நிமிடத்தில் தின்னாமல் விட்டதைச் சைஃபனால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

மீன் எண்ணிக்கையும் அதே கணக்குதான். 55 லிட்டருக்கு ஐந்தாறு டானியோ தாங்கும். அதில் நான்கு தங்கமீன் இருந்தால் தினம் பாதித் தண்ணீர் மாற்றினாலும் துரத்திப் பிடிப்பது கடினம். இரண்டையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நியான் டெட்ரா, ஒட்டோசிங்கலஸ், இறால் வகைகள் இந்தக் கட்டத்தில் வரவே கூடாது.

* * *

நைட்ரைட் கட்டத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கியதும் "முடிந்தது" என்று கிட்டை மூடிவைப்பார்கள். அப்போதுதான் நைட்ரைட் ஏறுகிறது. இது இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் தன்மையைக் கெடுக்கும், இரத்தமும் செவுளும் பழுப்பாகும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சு வாங்கினால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள்.

இதற்கு உப்பு உதவும். நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வழியிலேயே குளோரைடும் நுழைகிறது. குளோரைடு கூடினால் நைட்ரைட்டுக்கு இடம் குறையும். 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால் லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும், 1 முதல் 2 பிபிஎம் நைட்ரைட்டுக்கு இது தாராளம். 55 லிட்டருக்கு ஐந்தரை கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. சமையல் உப்போ கல்லுப்போ போதும், தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். இந்த அளவைச் செடிகளும் தாங்கும். உப்பு ஆவியாகாது. பாதித் தண்ணீர் மாற்றினால் பாதி உப்பு மட்டும் திரும்பப் போடுங்கள், ஆவியான அளவுக்கு மேலே நிரப்பும் தண்ணீருக்குப் போடாதீர்கள். உப்பு போட்டதால் நைட்ரைட் குறையாது, மீன் தாக்குப்பிடிக்கும் அவ்வளவே. தண்ணீர் மாற்றுவது தொடர வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: ஃபில்டரில் அம்மோனியாவை உறிஞ்ச ஜியோலைட் வைத்திருந்தால், உப்பு போடும் முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள். உப்பில் உள்ள சோடியம் ஜியோலைட்டில் பிடித்துவைத்த அம்மோனியத்தைத் தள்ளி வெளியேற்றும். பிடித்ததெல்லாம் மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும்.

* * *

ஐந்தாறு வாரம் ஆகியும் அம்மோனியா நகரவில்லை என்றால் கேஎச்சை (பிஎச் சரியாமல் தாங்கும் காரத்தன்மையின் அளவு) சோதியுங்கள். நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரின் காரத்தன்மையையும் தின்கின்றன. 11 பிபிஎம் நைட்ரேட் உருவானால் ஏறக்குறைய 1 டிகிரி கேஎச் காலி. மென்மையான தண்ணீரில் இருப்பதே இரண்டு மூன்று டிகிரிதான். அது தீர்ந்ததும் பிஎச் சரியும், 6.5-க்குக் கீழே வேலை மந்தமாகும், 6 அருகில் ஏறக்குறைய நின்றுபோகும்.

மருந்து சமையல் சோடாதான்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகிரி கேஎச் கூடும். 55 லிட்டருக்கு 1.6 கிராம். ஆனால் இரண்டாவதாக எழுதியவர் சொன்ன எச்சரிக்கை இங்கேதான் உயிர் விஷயம். பிஎச் 6-ல் 3 பிபிஎம் அம்மோனியா இருக்கும் தொட்டியில் மீன் சாதாரணமாக நீந்தும், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாமே அம்மோனியம். பிஎச் 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதி ஊற்றினால் சில நிமிடத்தில் அது நச்சாக மாறத் தொடங்கும். இந்த ஒரு நிலையில் மட்டும் பெரிய மாற்றம் கூடாது. 10 முதல் 15 சதவீதமாக, நாளுக்கு இரண்டு தடவை, அம்மோனியா 0.5-க்குக் கீழே வரும்வரை. ஒவ்வொரு தடவையும் பிஎச்சைப் பாருங்கள். சோடா அதற்குப் பிறகுதான், அதுவும் நாளுக்கு 1 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

* * *

செடி வைக்க இடமிருந்தால் வேகமாக வளர்வதை வையுங்கள்: ஹார்ன்வர்ட், வாட்டர் ஸ்ப்ரைட், மிதக்கும் டக்வீட். தண்ணீருக்கு மேலே இலை, உள்ளே வேர் என மணி பிளான்ட் கிளையைத் தொங்கவிடலாம். அம்மோனியத்தை நேராக உறிஞ்சும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் அழகுக்கு நல்லவை, ஆனால் மெதுவாக வளர்பவை, இந்த வேலைக்கு ஆகாது. அழுகும் இலையை உடனே வெட்டி எடுக்காவிட்டால் லாபம் நட்டமாகிவிடும்.

* * *

முடிந்ததா என்று எப்படித் தெரியும் என்பதற்கு: வழக்கமான தீனி போட்டும், தண்ணீர் மாற்றாமலும், ஏழு நாள் தொடர்ந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும், நைட்ரேட் ஏறியிருக்க வேண்டும். செடி நிறைய உள்ள தொட்டியில் நைட்ரேட் ஏறாமலும் இருக்கலாம்.

நைட்ரேட் எண்ணை அவசரப்பட்டு நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதையும் நைட்ரேட்டாகக் காட்டும். சொட்டு மருந்து கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் படிவது கெட்டியாகிவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் குறைவாகக் காட்டும். பாட்டிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விடுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். காலாவதி தேதியையும் பாருங்கள்.

அடுத்த மீன்களை இரண்டு மூன்றாக, இரண்டு வார இடைவெளியில் சேருங்கள். நுண்ணுயிர் கூட்டம் இருக்கும் மீனுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும், ஆறு மீனுக்குப் பழகிய ஃபில்டரில் பன்னிரண்டை ஒரே நாளில் விட்டால் அம்மோனியா மறுபடி தலைகாட்டும். புது மீன் வந்த முதல் ஐந்து நாள் தினமும் சோதனை, தீனி பாதி. அப்போது 0.25 தெரிந்தால் பதற வேண்டாம், அன்று தண்ணீர் மாற்றிவிட்டு மறுநாள் பாருங்கள்.