ஸ்லிப் (அச்சில் ஊற்றும் களிமண் கூழ்) அரை மணி நேரத்தில் தயிராக உறைகிறது, தண்ணீர் ஊற்றலாமா?

பின்கட்டுப்பட்டறை:
விருத்தாசலம் பக்கம், வீட்டுப் பின்கட்டில் பிள்ளையார் பொம்மை வார்க்கிறேன். பத்து கிலோ உலர்ந்த களிமண் கலவைக்கு, கூழ் இளகி ஓட, 30 கிராம் சோடியம் சிலிகேட். மாசி வரை பிரச்சினை இல்லை. இப்போது கலக்கும்போது மோர் மாதிரி ஓடுகிறது, அரை மணி நேரம் விட்டால் தயிர். கிண்டினால் மறுபடி இளகுகிறது. அச்சைக் கவிழ்த்தால் தும்பிக்கைக்குள் இருப்பது வடியவே மாட்டேன் என்கிறது. சிலிகேட்டை 60 கிராம் ஆக்கினேன், இன்னும் கெட்டி! தண்ணீர் ஊற்றிவிடவா?

சூளைவாசல்:
ஊற்றாதீங்க அக்கா. முதலில் ஒரு லிட்டர் ஸ்லிப்பை எடை போடுங்கள். 1,750 முதல் 1,800 கிராம் இருந்தால் தண்ணீர் போதும். மேலே ஊற்றுவதையெல்லாம் பிளாஸ்டர் அச்சுதான் குடிக்க வேண்டும்; பொம்மையும் கூடுதலாகச் சுருங்கி விரிசல் விடும்.

களிமண் துகள் தட்டையான தகடு. முகத்தில் எதிர்மின்னூட்டம், விளிம்பில் நேர்மின்னூட்டம். சும்மா விட்டால் விளிம்பு முகத்தோடு ஒட்டிச் சீட்டுக்கட்டு வீடு மாதிரி நிற்கும், கிண்டினால் சரியும். சிலிகேட் அந்த ஒட்டுதலைத் தடுக்கிறது. அளவு மீறினால் கூடுதல் சோடியமே துகள்களின் விலக்கத்தைக் குறைத்துவிடும், அதனால்தான் 60 கிராமில் கெட்டியானது.

மண்வாசி:
முந்தைய வார்ப்பில் மிஞ்சிய பழைய துண்டு மண் கலக்கிறீர்களா? அதில் அச்சின் பிளாஸ்டர் இருந்தால் கால்சியம் சல்பேட் கரைந்து உறைய வைக்கும். உப்பான போர்வெல் தண்ணீரும் அப்படித்தான். போர்வெல் தண்ணீரில் புது மண், கேன் தண்ணீரில் புது மண், துண்டு மண் என மூன்று வாளியில் தனித்தனியாகப் பாருங்கள். பேரியம் கார்பனேட் சல்பேட்டைப் பிடிக்கும், ஆனால் விஷம், வீட்டில் வேண்டாம்.

பின்கட்டுப்பட்டறை:
லிட்டர் 1,770 கிராம். போர்வெல் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டிலும் புது மண் ஓடியது. போர்வெல் கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். துண்டு மண் போட்ட வாளி மட்டும் உறைந்தது. சல்லடையில் பார்த்தால் வெள்ளைச் செதில்! அச்சு விளிம்பைச் சுரண்டியதெல்லாம் அதே தொட்டியில் விழுந்திருக்கிறது. நான் பாவம் அந்த போர்வெல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, 40 கிலோ கிடக்கிறதே, அகல் பிசையலாமா?

மண்வாசி:
அகலுக்கும் வேண்டாம் அக்கா. சுட்ட பிறகு அந்தப் பிளாஸ்டர் சில்லு ஈரத்தை இழுத்து ஊதி, மேல்தோலைப் பெயர்த்துவிடும். தோட்டத்துப் பள்ளத்தில் கொட்டுங்கள்.