பென்டிரைவில் கல்யாண போட்டோக்கள் பாதிக்கு மேல் திறக்கவில்லை

கரூர்_செல்வி:
வணக்கம். தம்பி கல்யாண போட்டோக்களை ஸ்டூடியோவில் 64 ஜிபி பென்டிரைவில் போட்டு வாங்கினோம். டிரைவ் நாங்கள் ஆன்லைனில் மலிவாக வாங்கியது. 1 முதல் 5 வரை எண் போட்ட ஃபோல்டர்கள். நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு இரண்டும் ஒழுங்காகத் திறக்கின்றன. மூன்றாவது முகூர்த்தம். எல்லாப் படங்களுக்கும் பெயரும் அளவும் சரியாகக் காட்டுகிறது, ஆனால் முதலில் உள்ளவை மட்டும்தான் வருகின்றன. மாலை மாற்றும் படம் ஒன்றில் முகங்கள் பளிச்சென்று இருக்கின்றன, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்கப்புறம் எதுவுமே திறக்கவில்லை. வரவேற்பு, மறுவீடு ஃபோல்டர்களைத் தொட்டால் சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்கிறது விண்டோஸ். ஸ்டூடியோவில் காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. வைரஸாக இருக்குமா?

பாலா89:
விண்டோஸிலேயே இருக்கிற, டிரைவ் பிழையைச் சரி செய்யுற செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்க. எனக்கு ஒரு தடவை அதிலேயே சரியாயிடுச்சு.

தூத்துக்குடி_சர்வீஸ்:
செக்டிஸ்க் இப்போது வேண்டாம் தங்கச்சி. பிழையைச் சரி செய்யச் சொன்னால் அது டிரைவில் எழுதும். மிச்சம் இருப்பதையும் துண்டு துண்டாகப் பெயர் மாற்றிப் போட்டுவிடலாம். ஃபார்மேட்டும் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதலில் ஸ்டூடியோவுக்குப் போன் போடுங்கள். அடுத்த முகூர்த்த நாளுக்குக் கேமரா கார்டைத் துடைத்துவிடுவார்கள். நம் பயல் கல்யாணம் என்று சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இது வைரஸ் மாதிரித் தெரியவில்லை. அந்தப் பாதிப் படம்தான் துப்பு. 1, 2 ஃபோல்டர்களின் அளவோடு, மூன்றாவதில் அந்தப் படம் வரை உள்ளதையும் கூட்டிப் பாருங்கள். ஏழு ஜிபி சொச்சம் வந்தால் டிரைவ் 64 அல்ல, 8. உள்ளே சின்ன சிப்பை வைத்து, 64 என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை (டிரைவை இயக்கும் சில்லு) மாற்றி விற்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் அது 'எழுதிவிட்டேன்' என்றே பதில் சொல்லும், அதனால் காப்பி செய்யும்போது எந்தப் பிழையும் வராது. முகூர்த்தம் ஃபோல்டரின் பெயர்ப்பட்டியல் எல்லைக்குள் விழுந்ததால் பெயர்கள் தெரிகின்றன. அடுத்த இரண்டின் பட்டியலே வெளியே போயிருக்கும். ஸ்டூடியோவில் காப்பி செய்த கையோடு திறந்திருப்பார்கள். அப்போது திரைக்கு வந்தது பெரும்பாலும் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வைத்திருந்த நகல்.

திறக்கும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருள் அழிந்ததைத் தேடித் தரும். சிப்பில் ஏறவே ஏறாததை எதுவும் தராது. யாராவது பணம் கேட்டு மீட்டுத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

கரூர்_செல்வி:
கூட்டினேன் அண்ணாச்சி, 7.3 ஜிபி. கார்டைத் துடைத்துவிட்டார்களாம், ஆனால் ஆல்பம் வேலைக்காக எல்லாமே அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நாளைக்கு வரச் சொன்னார்கள். கேட்டதும்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது. அந்த டிரைவை என்ன செய்வது?

தூத்துக்குடி_சர்வீஸ்:
ரொம்ப சந்தோஷம். படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமாக ஏறிய பிறகு அந்த டிரைவைக் காலி செய்து எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். இலவசம்தான், லினக்ஸ் என்றால் எஃப்3 (F3). டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையில் எத்தனை ஜிபி என்று சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஓடும், பாதியில் பிடுங்க வேண்டாம். முடிவு வந்த திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நாளைக்குக் கொண்டுபோகும் புது டிரைவையும் இன்று ராத்திரியே இதே மாதிரி சோதித்துவிடுங்கள்.