தனியாளாக ஏற்றி இறக்கக்கூடிய மீன்பிடிக் கயாக் எது?

கேள்வி:
வணக்கம். நான் கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் தளத்தில் வசிக்கிறேன். இதுவரை கரையில் நின்றே தூண்டில் போட்டு வந்தேன்; இவ்வாண்டு ஸ்கூகாக் ஏரியில் கயாக்கில் (ஒடுங்கிய சிறு படகு) சென்று பாஸ் மீன் பிடிக்க ஆசை. காலால் மிதித்து ஓட்டும் மிதிகட்டை பொருத்திய 12 அடிக் கயாக் ஒன்றில் மனம் போய்விட்டது, ஆனால் அதன் எடை 45 கிலோ. என்னிடம் இருப்பதோ சிறிய செடான் கார். கைகொடுக்க எவரும் இல்லை. எதை வாங்கலாம், எப்படி ஏற்றிச் செல்லலாம்?

பதில் 1:
மிதிகட்டை இருந்தால் இரு கைகளும் தூண்டிலுக்குக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆயினும் ஸ்கூகாக் ஆழம் குறைந்த ஏரி. கோடையில் நீர்க்கொடிகள் மண்டிவிடும். அவை மிதிகட்டையின் அடியில் சுற்றிக்கொண்டால், மீன் பிடிப்பதை விடக் கொடி பிடுங்குவதிலேயே காலைப்பொழுது கழியும். ஆகவே 10 அடி நீளமும் ஏறத்தாழ 25 கிலோ எடையும் கொண்ட, மேலே அமரும் வகைத் துடுப்புக் கயாக்கே உங்களுக்குப் பொருந்தும். உங்கள் எடையும் சாமான்களின் எடையும் சேர்ந்து, குறிப்பிடப்பட்ட சுமைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்குத் தாழ்ந்த கூரையுள்ள செடான் வசதியானதுதான். காரின் பின்விளிம்பில் பழைய தரைவிரிப்புத் துண்டொன்றை விரித்து, கயாக்கின் முனையை மட்டும் தூக்கிக் கூரையின் பின் குறுக்குச்சட்டத்தில் சாய்த்துவிட்டு, பிறகு வால்பக்கத்தைத் தூக்கி முன்னோக்கித் தள்ளினால், முழு எடையும் ஒரே நேரத்தில் உங்கள் கைக்கு வராது. பல்சக்கர இறுக்கியுள்ள பட்டைகள் வேண்டாம், அவை பிளாஸ்ரிக் உடலை நெளித்துவிடும். கையால் இழுத்து இறுக்கும் பட்டைகளே போதும். பட்டையை ஒருமுறை முறுக்கிக் கட்டுங்கள், இல்லையேல் 401 நெடுஞ்சாலையில் அது போடும் ஊளையைத் தாங்க முடியாது. முனையையும் வாலையும் தனித்தனிக் கயிற்றால் காரோடு பிணைப்பது கட்டாயம்.

பதில் 2:
அதற்கு முன் மின்தூக்கியை அளந்து பாருங்கள். 10 அடிக் கயாக்கை வாங்கி வந்த பின்னரே அது எங்கள் மின்தூக்கிக்குள் நுழையாது என்பதைக் கண்டுகொண்டவன் நான். பிறகு காற்றடைக்கும் வகைக்கு மாறினேன். சுருட்டினால் காரின் டிக்கிக்குள் அடங்கிவிடுகிறது. காற்று வீசினால் அது இலகுவில் அடித்துச் செல்லப்படும், ஒவ்வொரு முறையும் நன்கு உலர்த்தியே மடிக்கவும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அளந்துவிட்டேன், எங்களுடையதிலும் நுழையாது. ஏஜாக்ஸில் உள்ள அக்கா வீட்டுக் கராஜில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டதால் 10 அடியையே வாங்கப்போகிறேன். காருக்கும் கரைக்கும் இடையே இழுத்துச் செல்ல எத்தகைய தள்ளுவண்டி நல்லது?

பதில் 1:
கயாக்கின் நீர் வடியும் துளைகளில் கம்பியைச் செருகும் வண்டியைத் தவிருங்கள். மேடுபள்ளத்தில் எடை முழுவதும் துளைகளின் மீது இறங்கி, அவ்விடத்தில் வெடிப்பு விழக்கூடும். அடியில் வைத்துப் பட்டையால் கட்டும் இருசக்கர வண்டியே மேல். திரும்பும்போது வடிகால் துளையின் மூடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் கொடிகளையெல்லாம் அகற்றிய பின்னரே காரில் ஏற்றுங்கள்; 2022 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம்.