4294967297-ஐ 641 வகுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

தென்றல்: 2^(2^n)+1 என்பதில் n-க்கு 0, 1, 2, 3, 4 என்று போட்டால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருந்ததால் அந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா நம்பினார். அடுத்து வருவது 2^32+1, அதாவது 4294967297. அது 641 × 6700417 என்று 1732-இல் கணிதவியலர் ஆய்லர் காட்டினார். இதை மேதைமை என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. 2, 3, 5 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 116-ஆவதாக 641 வந்து நிற்கும், அவ்வளவுதான். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

எண்பித்தன்: செய்யலாம்தான், ஆனால் 116 முறை வகுக்கத் தேவையே இல்லை என்பதுதான் விஷயம். p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வையுங்கள். 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்து மீதி பார்த்தால் 32-ஆவது அடுக்கில் −1 (அதாவது p−1) வரும், 64-ஆவதில்தான் முதன்முதலாக 1 வரும். அப்படியானால் p−1-ஐ 64 வகுத்தே ஆக வேண்டும், இதற்கு ஃபெர்மாவின் சிறு தேற்றமே போதும் (2-இன் p−1-ஆவது அடுக்கை 2 அல்லாத பகா எண் p-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது அது). ஆக 64-இன் மடங்கைவிட 1 கூடுதலான பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே முடிந்தது! இந்த விதியை ஆய்லரே பின்னால் நிரூபித்தார்.

தென்றல்: சரி, அது நல்ல விதி. ஆனால் பலரும் அழகு என்று காட்டுவது வேறு: 641 = 5×2^7+1, 641 = 5^4+2^4, இந்த இரண்டையும் சேர்த்தால் 2^32+1 வகுபடும் என்று இரண்டே வரியில் வந்துவிடும். 641 என்று முன்பே தெரியாதவனுக்கு இது எப்படித் தோன்றும்? விடையைப் பார்த்துவிட்டு எழுதிய நிரூபணம் அது.

எண்பித்தன்: அந்த இரண்டு வரியைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அது சரிபார்க்க உதவும், தேட உதவாது. நான் வாதாடுவது 64 விதிக்காக மட்டும்தான்.

குறிஞ்சி: குறுக்கிடுகிறேன். பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா அந்த 64-ஐயே 128 ஆக்கினார், அதன்படி பார்த்தால் 257, 641 என்று இரண்டே பகா எண்களைச் சோதித்தால் போதும். 6700417 பகா எண்தானா என்று பார்க்கவும் இதே விதிதான், அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வருகிறது, அதுவரை 128-இன் மடங்கைவிட 1 கூடுதலான எண்கள் மொத்தமே 20.

தென்றல்: இன்று கணினி கண் இமைக்கும் முன் சொல்லிவிடுமே.

குறிஞ்சி: இந்த எண்ணுக்குச் சொல்லும். இதே வரிசையில் 2^(2^33)+1-ஐ எடுங்கள், சுமார் 258 கோடி இலக்கம். அது பகா எண்ணா பகு எண்ணா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வகுத்துப் பார்ப்பவர்கள் 2^35-இன் மடங்கைவிட 1 கூடுதலான எண்களை மட்டும்தான் தொடுகிறார்கள், மற்ற எதையும் தொட வேண்டியதில்லை என்று லூக்காவின் விதி சொல்லிவிட்டது. வெறும் பொறுமையை வைத்துக்கொண்டு அங்கே எங்கே தொடங்குவீர்கள்?